கடல்ல பவளப்பாறை ஏன் வெள்ளையாப் போகுது? காஹாங் ஒட்டுக்கடையில வந்த கேள்விங்களும் என் பதிலும்

2024 ஜூன்ல மச்சான் போட்ல நம்ம மலேசியாவுல ஜொகூர் கிழக்குக்கரையில இருக்குற மெர்சிங்ல இருந்து தீவுப்பக்கம் போயிட்டு வந்தேன். தண்ணிக்குள்ள எடுத்த நாலஞ்சு போட்டோவ நம்ம காஹாங் ஒட்டுக்கடையில தே தாரேக் குடிச்சிக்கிட்டே காட்டுனேன், அவ்ளோதான். ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டி ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் போன வாங்கி கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு "யாருப்பா கடலுக்கு சுண்ணாம்பு அடிச்சது"ன்னு கேட்டாரு. அன்னைக்கு ஆரம்பிச்ச கேள்வி இன்னும் நிக்கல. பள்ளிக்கூடத்துப் பசங்க கேக்குறாங்க, டயர் மாத்த வர்ற லோரிக்காரங்க கேக்குறாங்க, கோயில்ல பார்த்தா ஆன்ட்டிங்க கேக்குறாங்க. நான் படிச்ச விஞ்ஞானி இல்ல, டயர் கடை வெச்சிருக்குற ஆளு, ஆனா பதினஞ்சு வருஷமா அந்தத் தண்ணியில விழுந்து எந்திரிக்கிறேன், இது சம்பந்தமா கெடைக்கிறதெல்லாம் படிக்கிறேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே எடத்துல எழுதிப் போடுறேன்.

மொதல்ல இத சொல்லு, பவளப்பாறை கல்லா, செடியா?

ரெண்டும் இல்ல, பிராணி. ஜெல்லி மீன் இருக்குல்ல, அதோட சொந்தக்காரன். ஒரு கொப்புல ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டியா பாலிப்னு ஒண்ணு உக்காந்திருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு வாயி, சுத்தி விரல் மாதிரி கொஞ்சம், அவ்ளோதான் ஒடம்பு. அது தனக்கு அடியில சுண்ணாம்ப கட்டிக்கிட்டே போகுது. நாம பாறைன்னு சொல்றது அந்த வீட்ட, உயிர் இருக்குறது மேல ஒட்டியிருக்குற மெல்லிசுத் தோல்லதான். பெரியவர் சுண்ணாம்புன்னு சொன்னது பாதி சரி, அந்த எலும்பு நெசமாவே சுண்ணாம்புச் சத்துதான், கால்சியம் கார்பனேட்.

அப்ப வெளுக்குறதுன்னா என்ன? சட்டை சாயம் போற மாதிரியா?

சாயம் போறதில்ல, சாயமே எந்திரிச்சு வெளிய போயிடுது. பாலிப்போட தோலு கண்ணாடி மாதிரி, அதுக்குன்னு பெருசா கலர் கெடையாது. நாம பாக்குற காப்பி கலரும் பச்சையும் அதுக்குள்ள குடியிருக்குற பாசியோட கலரு. கண்ணுக்கே தெரியாத சைஸ், ஒரு மில்லிமீட்டர நூறா வகுந்தா எவ்வளவோ அவ்வளவுதான், ஒரு சதுர சென்டிமீட்டர்ல பத்து லட்சத்துக்கும் மேல இருக்கும். விஞ்ஞானத்துல ஜூசாந்தெல்லேன்னு ஒரு பேரு, பல்லு சுளுக்கும், பாசின்னே வெச்சுக்குவோம்.

இந்தப் பாசி வெயில வாங்கி சக்கரை செய்யுது, செஞ்சதுல பெரும்பங்க பவளத்துக்குக் கொடுத்துடுது. பவளத்தோட சாப்பாட்டுத் தேவையில 90 சதவீதம் வரைக்கும் இப்படித்தான் வருது. பதிலுக்கு பவளம் அதுக்கு எடம் கொடுக்குது, தன்னோட கழிவ உரமாக் கொடுக்குது. தண்ணி சூடானா இந்த ஒப்பந்தம் முறிஞ்சு போயி பாசி வெளிய போயிடுது, இல்லன்னா உள்ளயே இருந்துக்கிட்டு பச்சையத்த எழந்துடுது. அப்புறம் கண்ணாடித் தோலு வழியா உள்ள இருக்குற வெள்ளை எலும்பு தெரியுது.

அந்த ஜூன்ல ஒரு மான்கொம்பு பவளத்துக்கு நேரா, கைக்கு எட்டுற தூரத்துல மூச்சப் புடிச்சுக்கிட்டு மெதந்து பார்த்தேன். பளீர்னு வெள்ளை, நம்ம ஊட்டு பாத்ரூம் டைல்ஸ் மாதிரி. செத்துடுச்சுன்னுதான் நெனச்சேன். உத்துப் பார்த்தா நுனியில நூலு மாதிரி விரலுங்க ஆடிக்கிட்டு இருக்கு, ஒரு சின்ன துகள் பட்டதும் டக்குன்னு உள்ள இழுத்துக்கிச்சு. உசுரு இருக்கு, சாப்பாடுதான் இல்ல. வெளுத்த பவளம்னா பட்டினி கெடக்குற பவளம், இத ஞாபகம் வெச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானாப் புரியும்.

சோறு போடுறவன யாராச்சும் வெரட்டுவாங்களா? லாஜிக்கே இல்லையே?

இந்தக் கேள்விக்கு எங்கம்மா வேலையில இருந்துதான் எனக்கே பதில் கெடச்சிது. அம்மா தோட்டத்துல இருபது வருஷத்துக்கு மேல மருந்து அடிக்கிற வேலை, முதுகுல தோம்ப மாட்டிக்கிட்டு வரிசை வரிசையா புல்லு மருந்து அடிப்பாங்க. அப்பல்லாம் பாராகுவாட்தான், நம்ம நாட்டுல அத 2020-ல இருந்து தடை பண்ணிட்டாங்க. அம்மா அடிக்கடி சொல்வாங்க, "மோடம் போட்ட நாள்ல அடிச்சா புல்லு மொறச்சிக்கிட்டே நிக்கும்டா, வெயில் அடிச்சாத்தான் மத்தியானத்துக்குள்ள கருகும்." காரணம் என்னன்னா பாராகுவாட் எலைக்குள்ள போயி, வெயில்ல ஓடிக்கிட்டு இருக்குற சக்கரை செய்யுற மிஷின்ல கைய வெச்சு, அந்த சக்திய ஆக்சிஜன் பக்கம் திருப்பி விட்டுடுது, ஆக்சிஜன் வெஷமா மாறி எலையத் தின்னுடுது. வெயில் இல்லன்னா மிஷின் ஓடாது, மிஷின் ஓடலன்னா வெஷமும் இல்ல.

பவளத்துக்குள்ள இருக்குற பாசிக்கு சூட்டுல நடக்குறதும் கிட்டத்தட்ட இதே கதைதான், மருந்து அடிக்க ஆளு மட்டும் தேவையில்ல. தண்ணி சூடு ஏறுனா பாசியோட மிஷின்ல ஒரு பாகம் பழுதாகுது, வழக்கமா பழுதாகுற வேகத்துலயே ரிப்பேரும் நடந்துக்கிட்டு இருக்கும், சூட்டுல ரிப்பேர் பிந்திப் போயிடுது. வெளிச்சம் மட்டும் நிறுத்தாம உள்ள கொட்டிக்கிட்டே இருக்கு. வாங்குன வெளிச்சத்த சக்கரையா மாத்த முடியாம அது வெஷமான ஆக்சிஜனா மாறி பவளத்தோட ஒடம்புக்குள்ளயே கசியுது. இப்ப சொல்லுங்க, சோறு போட்ட கையே வெஷம் வெச்சா என்ன பண்ணுவீங்க. பவளம் தள்ளி விடுது, பசி அப்புறம், இப்ப உசுரு தப்பிக்கணும். ஆனா இதுல ஒரு நுணுக்கம், எல்லா எடத்துலயும் பவளமே புடிச்சுத் தள்ளுதுன்னு சொல்ல முடியாது, சில நேரம் பாசி இருக்குற செல்லே கழண்டு விழுந்துடுது, சில நேரம் பாசி உள்ளயே செத்து கரைஞ்சிடுது.

எவ்வளவு சூடானா இப்படி ஆகும்? ஒரு டிகிரி எல்லாம் ஒரு விஷயமா?

நமக்கு ஒரு டிகிரி ஒண்ணுமில்ல, ஏர்கோன்ல ஒரு அமுக்கு. பவளத்துக்கு அப்படி இல்ல, அது ஏற்கெனவே விளிம்புல ஒக்காந்திருக்கு. ஒரு எடத்துல வருஷத்துலயே சூடான மாசம் எதுவோ அந்த மாசத்து சராசரிதான் அதோட எல்லைக் கோடு. அதுக்கு மேல ஒரு டிகிரி ஏறி நாலு வாரம் நின்னா வெளுக்க ஆரம்பிச்சிடும். நம்ம கிழக்குக்கரைப் பக்கம் வெயில் மாசத்துல தண்ணி சாதாரணமாவே 30 டிகிரிய ஒட்டித்தான் இருக்கும், அதனால 31ன்னு கேட்டாலே மச்சானுக்கு முகம் மாறிடும்.

அமெரிக்காவுல கடலையும் வானிலையையும் கவனிக்கிற நோவா அமைப்பு சேட்டலைட்ட வெச்சு இதக் கணக்கு பண்றாங்க, டிகிரி ஹீட்டிங் வீக்னு பேரு. தோட்டத்துல வேலைக்கு வந்தவங்க பேரு எழுதுற செக்ரோல் மாதிரி நெனச்சுக்குங்க, ஒரு நாள் வந்தா ஒரு பேரு விழும்ல, அந்த மாதிரி எல்லைய ஒரு டிகிரி தாண்டி ஒரு வாரம் இருந்தா ஒண்ணு விழும், ரெண்டு டிகிரி தாண்டி ஒரு வாரம்னா ரெண்டு. கடைசி 12 வாரத்துக் கணக்கக் கூட்டுவாங்க. 4 வந்தா வெளுப்பு தெரியும், 8 தாண்டுனா சாவு ஆரம்பிக்கும். முன்னாடி அதுக்கு மேல தனியா ஒரு எச்சரிக்கை நிலையே வெச்சிருக்கல, 2023-ல கடல் காஞ்ச காய்ச்சல்ல மேல இன்னும் மூணு நிலை சேர்க்க வேண்டியதாப் போச்சு. கடைசி நிலைக்கு 20, அதுல பெரும்பாலான பவளம் செத்துடும்னு அர்த்தம். தெர்மாமீட்டர்ல எடமில்லாம கோட்ட நீட்டிப் போட்ட கதை.

அதனாலதான் "நேத்து தண்ணி சூடா இருந்துச்சே, வெளுக்கலயே"ன்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு நாள் சூடு இல்ல விஷயம், எறங்காத சூடுதான் விஷயம்.

டிவில எல் நினோன்னு சொன்னாங்க, அதுதானே காரணம்? அப்பறம் எதுக்கு மனுஷன குத்தம் சொல்றீங்க?

எல் நினோ பழைய ஆளு, பசிபிக் கடல்ல தண்ணி சூடேறி சில வருஷத்துக்கு ஒரு தடவ வந்துட்டுப் போறது, நம்ம பாட்டன் பூட்டன் காலத்துலயும் வந்துச்சு. உலகம் முழுக்க ஒரே நேரத்துல வெளுத்தது மட்டும் 1998-க்கு முன்னாடி பதிவுல இல்ல. 1929-ல ஆஸ்திரேலியாவுல ஆராய்ச்சிக்குப் போன வெள்ளைக்காரங்க ஒரு எடத்துல பவளம் வெளுத்தத எழுதி வெச்சிருக்காங்க, 1982-83 எல் நினோவுல பனாமா பக்கம் நெறைய போச்சு. அதெல்லாம் அங்கங்க.

1998-க்கு அப்புறம் 2010, அப்புறம் 2014-ல இருந்து 2017 வரைக்கும், அப்புறம் 2023-ல ஆரம்பிச்ச நாலாவது, அத 2024 ஏப்ரல்ல அறிவிச்சாங்க. உலகத்துப் பவளப்பாறைப் பரப்புல எவ்வளவு வெளுக்குற அளவு சூட்டுல மாட்டுச்சுன்னு பாருங்க. 1998-ல 21 சதவீதம், 2010-ல 37, மூணாவது தடவ 68, நாலாவது தடவ 84. எல் நினோ மட்டும்தான் காரணம்னா இந்த நம்பர் ஏன் ஒரே பக்கமா ஏறிக்கிட்டே போகுது?

அடியில இருக்குற தண்ணியே சூடாகிடுச்சு, அதான். கரியும் எண்ணெயும் எரிச்சு நாம சேத்து வெச்ச அதிகப்படி சூட்டுல 90 சதவீதத்துக்கு மேல போயி உக்காந்திருக்குறது கடல்லதான். கொதிக்கப் போற சட்டியில கொஞ்சம் அடுப்பத் தூண்டி விட்டா பொங்கும்ல, எல் நினோ தூண்டி விடுற ஆளு, சட்டிய ஏத்தி வெச்சது நாம.

அதென்ன எப்பவும் மே ஜூன்லயே நடக்குது நம்ம பக்கம்?

நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வடகிழக்கு மழைக்காலம், தீவுல பாதி ரிசோர்ட் மூடிடுவாங்க, அலை கலக்கிக் கலக்கி தண்ணி குளிர்ந்திருக்கும். ஏப்ரல் வந்ததும் காத்து செத்துடும். மெர்சிங் ஜெட்டியில நின்னு பார்த்தா கடல் எண்ணெய் ஊத்துன மாதிரி கெடக்கும், டூரிஸ்ட்டுக்கெல்லாம் சந்தோஷம், வாந்தி வராது. பவளத்துக்கு அதுதான் கெட்ட நேரம். அலை இல்லன்னா மேல் சூடு அடியில இருக்குற குளிர்ந்த தண்ணியோட கலக்காது, தண்ணி தெளிவா இருந்தா வெளிச்சம் நேரா அடி வரைக்கும் எறங்கும். சூடும் வெளிச்சமும் சேர்ந்து வந்தாத்தான் அம்மா சொன்ன அந்த மருந்துக் கதை. ஒரே பவளத்துல வெயில் படுற மேல் பக்கம் வெளுத்து, நெழல் விழுற கீழ்ப்பக்கம் காப்பிக் கலர்லயே இருக்குறத நானே பார்த்திருக்கேன்.

வெளுத்தா செத்துடுச்சுன்னு அர்த்தமா?

இல்ல. இத பால் மரம் வெட்டுனவங்களுக்கு ஈசியா சொல்லிடலாம். பிப்ரவரி மார்ச்ல ரப்பர் மரம் எலையெல்லாம் கொட்டிட்டு மொட்டையா நிக்கும், நம்ம ஊர்லயே பார்க்காத ஆளு பார்த்தா தோட்டமே காஞ்சு போச்சுன்னு நெனப்பான். மங்குன்னு சொல்ற அந்த எலை கொட்டுற காலத்துல பால் கொறஞ்சிடும், சம்பளம் கொறஞ்சிடும், எங்க தாத்தா காலத்துல அந்த ரெண்டு மாசம் கடையில கடன் எழுதித்தான் சாப்புடுவாங்களாம். அப்புறம் தளிர் விட்டு பழையபடி ஆயிடும். வெளுத்த பவளமும் அந்த மொட்டை மரம் மாதிரிதான், தண்ணி சீக்கிரம் குளிர்ந்தா மிச்சம் இருக்குற பாசி பெருகி, வெளிய இருந்தும் கொஞ்சம் வந்து சேர்ந்து, சில வாரத்துல இருந்து சில மாசத்துக்குள்ள கலர் திரும்பிடும்.

ஒரே வித்தியாசம், ரப்பர் மரம் தானா எலைய கொட்டுது, தண்டுல சேமிப்பு வெச்சிருக்கு. பவளம் சேத்து வெச்ச கொழுப்பத் தின்னுக்கிட்டு நாளு எண்ணுது. சூடு எறங்கலன்னா முடிஞ்சிடும். செத்துடுச்சான்னு கண்டுபுடிக்கிறது ஈசி, பளிச்சுன்னு வெள்ளையா இருந்தா இன்னும் உசுரு இருக்கலாம், கொஞ்ச நாள்ல மேல பச்சையும் பழுப்புமா பூசணம் மாதிரி வழுவழுன்னு வேற பாசி படர்ந்துடுச்சுன்னா போயிடுச்சு. வேடிக்கை என்னன்னா அப்பதான் சனங்க "பரவால்ல, கலர் வந்துடுச்சு"ன்னு சொல்வாங்க. பொழச்சாலும் ஒரு வருஷத்துக்கு மேல முட்டை போடுறது கொறையும், சீக்கு சீக்கிரம் புடிக்கும்.

நம்ம தோட்டத்து உரம், மண்ணு இதுக்கும் சம்பந்தம் இருக்கா? கடல் எங்க, நாம எங்க?

கடல் எங்கன்னு கேக்காதீங்க, நம்ம காஹாங் ஆத்துத் தண்ணி செம்ப்ரோங்ல கலந்து எண்டாவுக்குப் போகுது, எண்டாவுல இருந்து தென்சீனக் கடல். அந்தக் கடல்லதான் தியோமானும் மத்த தீவுங்களும். தோட்டத்துல வெட்டி விட்ட சின்னக் கால்வாய்க்குக் கூட கடைசியில போய்ச் சேர வேற எடம் கெடையாது.

ஆனா இதுல நான் கொஞ்சம் நிதானமாப் பேசணும், ஏன்னா ஒட்டுக்கடையில சிலர் உடனே "பாத்தியா, எல்லாம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தாலதான்"னு ஆரம்பிச்சிடுறாங்க. 2024-ல வெளுத்ததுக்கு மொதக் காரணம் சூடு, ஆத்து வாய்ல இருந்து ரொம்பத் தூரத்துல, தோட்டமே இல்லாத தீவுலயும் வெளுத்துச்சு. உரமும் மண்ணும் பண்றது வேற வேலை, பவளத்தோட தாங்குற சக்திய கொறைக்கிறது. சாதாரணமா பவளம் பாசிய அரைவயித்துலதான் வெச்சிருக்கும், நைட்ரஜன அளந்துதான் கொடுக்கும், அப்பதான் அது அளவோட பெருகி சக்கரைய வீட்டுக்குக் கொடுக்கும். வெளிய இருந்து யூரியா கரைஞ்ச தண்ணி வந்தா பாசிக்கு கொண்டாட்டம், கண்டபடி பெருகும், பெருகுறதுக்கு வேணும்னு சக்கரையையும் தானே வெச்சுக்கும். நைட்ரஜன் கூடி பாஸ்பரஸ் பத்தாமப் போனா இன்னும் மோசம், சூட்டையும் வெளிச்சத்தையும் தாங்காம சீக்கிரமே வெளுத்துடும். செம்பனைக்கு ஒரு சத்து மட்டும் அள்ளிக் கொட்டி இன்னொண்ண விட்டா எலை என்ன ஆகும்னு உரம் போட்ட ஆளுக்குத் தெரியும், அதே கணக்கு.

மண்ணு வந்தா தண்ணி கலங்கும், பாசிக்கு வெளிச்சம் பத்தாது, பவளத்து மேல படிஞ்சத சளி விட்டு விட்டுத் துடைக்கிறதுலயே அதோட சக்தி போயிடும். புல்லு மருந்துல டையூரான்னு ஒண்ணு இருக்கு, அது எலையில எந்த மிஷின நிறுத்துதோ அதே மிஷின்தான் பவளத்துப் பாசிக்குள்ளயும் இருக்கு, கொஞ்சூண்டு தண்ணியில இருந்தாலே வேலைய கெடுக்குதுன்னு லேப்ல பார்த்திருக்காங்க. சூட்டக் கொறைக்க நம்ம ஊரால முடியாது, மழைக்கு முந்துன நாள் உரம் போடாம இருக்க முடியும், ஆத்தோரம் கொஞ்சம் எடம் விட்டு நட முடியும். மழை வரும்னு தெரிஞ்சே உரம் போட்டா காசும் கால்வாய்ல போகுது, இத நான் சொல்லித்தான் தோட்டத்துல வேலை வாங்குற மண்டோருக்குத் தெரியணும்னு இல்ல.

சன்ஸ்கிரீன் பூசிக்கிட்டு எறங்குறதாலன்னு என் மக சொல்றா?

உங்க மக சொல்றதுல உண்மை இருக்கு, ஆக்சிபென்சோன்னு ஒரு சாமான் சில சன்ஸ்கிரீன்ல இருக்கும், பவளத்துக்கு ஆகாது, ஹவாயில 2021-ல இருந்து விக்கவே கூடாதுன்னு சட்டம், பலாவ் நாட்டுல 2020-லயே தடை. ஆனா மனுஷ வாடையே இல்லாத கடல்லயும் மைல் கணக்குல வெளுத்துச்சே, அங்க யாரு போயி க்ரீம் பூசுனா? முழுக்கை சட்டை போட்டுக்கிட்டு எறங்குங்க, க்ரீம் செலவும் மிச்சம். அதோட நாம கடமைய முடிச்சிட்டோம்னு மட்டும் நெனச்சிடாதீங்க.

சூடு இல்லாம வேற எதாலயும் வெளுக்குமா?

வெளுக்கும். பெரிய வெள்ளம் வந்து ஆத்துத் தண்ணி கடல் மேல படர்ந்து உப்பு கொறஞ்சா ஆத்து வாய்க்குப் பக்கத்துல வெளுக்கும். தண்ணி வத்துற நேரத்துல வெயில்ல மணிக்கணக்கா வெளிய தெரிஞ்சா வெளுக்கும். குளிர்லயும் வெளுக்கும், 2010 ஜனவரில அமெரிக்காவுல புளோரிடா பக்கம் திடீர்னு குளிர் எறங்கி பவளம் கூட்டமாச் செத்துச்சு. இதெல்லாம் அந்தந்த எடத்தோட போயிடும், நூத்துக்கணக்கான மைலுக்கு ஒரே மாசத்துல வெள்ளையடிக்கிறது சூடு ஒண்ணுதான்.

ஒரு பவளத்துல பாதி மட்டும் வெள்ளையா இருந்துச்சு, அதுவும் இதுதானா?

பக்கத்துல கொஞ்சம் தேடிப் பாருங்க. முள்ளு நட்சத்திர மீன்னு ஒண்ணு இருக்கு, தட்டு சைஸ்ல, ஒடம்பு பூரா முள்ளு, அது பவளத்து மேல ஏறி வயித்தயே வெளிய தள்ளி தோல மட்டும் கரைச்சுத் தின்னுட்டுப் போகும். தின்ன எடம் பளிச்சுன்னு வெள்ளையா, ஓரம் கத்தி வெச்சு வெட்டுன மாதிரி இருக்கும். தொட்டா சொரசொரன்னு வெறும் எலும்பு, தோலே இருக்காது. தொட்டுப் பாக்கச் சொல்லல, தொடாதீங்க, சொல்றேன். சின்ன நத்தைங்களும் இப்படித் திங்கும். வெளுப்புன்னா தோலு இருக்கும், ஓரம் மங்கலா கலஞ்சு கலஞ்சு போகும், பக்கத்துல இருக்குற பவளமும் வெளிறியிருக்கும். சீக்குலயும் வெள்ளைப் பட்டை விழும். ரெண்டாயிரத்துப் பத்துல நானே நட்சத்திர மீன் தின்னத காட்டி "வெளுத்துடுச்சு, வெளுத்துடுச்சு"ன்னு மச்சான்கிட்ட கத்தி அசிங்கப்பட்டிருக்கேன்.

நீங்க காட்டுன ஒரு போட்டோல ஊதாவும் மஞ்சளுமா மின்னுதே, அது நல்லா இருக்குதானே?

எல்லாரும் ஏமாறுற போட்டோ அது. பாசி போனதும் சில பவளம் வெயிலத் தாங்குறதுக்காக தானே ஒரு மின்னுற சாயத்த உண்டாக்கிக்கும், வெயிலுக்குக் கொடை புடிக்கிற மாதிரி. ஊதா, நீலம், பளீர் மஞ்சள்னு நியான் லைட்டு கணக்கா இருக்கும். அதுவும் வெளுப்புதான், பொழச்சுக்கப் பாக்குதுன்னு வேணா சொல்லலாம்.

பாட்டியோட பவள மோதிரம் மங்கிப் போச்சு, அதுவும் வெளுப்பா?

கோயில்ல ஒரு ஆன்ட்டி ரொம்ப கவலையோட கேட்டாங்க, செவ்வாய்க்குப் போட்ட மோதிரமாம். இல்ல ஆன்ட்டி, அது வேற ஜாதி. நகைக்குப் போடுற செம்பவளம் ஆழத்துல இருட்டுல வளர்றது, மத்தியதரைக் கடல்ல இருந்து வர்றதுதான் பேர் போனது, அதுக்குள்ள பாசியே கெடையாது, செவப்பு அந்த எலும்போட சொந்தக் கலரு. மோதிரம் மங்குறதுக்கு வேர்வை, சோப்பு, வாசனைத் தண்ணி, எலுமிச்சைச் சாறு, இதுங்கதான் காரணம். சுண்ணாம்புக்கும் புளிப்புக்கும் ஆகாது. மோதிரத்தக் கழட்டி வெச்சிட்டு பாத்திரம் கழுவுங்க.

ஒண்ணு வெளுக்குது, பக்கத்துலயே ஒண்ணு அப்படியே இருக்கு. எப்படி?

கெளை கெளையா, தட்டு தட்டா வேகமா வளர்ற ஜாதிங்க மொதல்ல விழும், தோலு மெல்லிசு. உருண்டையா பாறாங்கல்லு மாதிரி வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்றதுங்க தோலு தடிப்பு, தாங்கும். உள்ள இருக்குற பாசியிலயும் ரகம் இருக்கு, சில ரகம் சூடு தாங்கும், ஆனா சக்கரை கம்மியாத்தான் கொடுக்கும், அதனால அத வெச்சிருக்குற பவளம் மெதுவா வளரும். நம்ம ரப்பர் கன்னுலயும் இப்படித்தானே, பால் நெறைய கொடுக்குறது காத்துக்கு முறியும்.

இதுல நம்ம தியோமானுக்கு ஒரு பெருமை. 2010-ல சிங்கப்பூர்லயும் தியோமான்லயும் ஆராய்ச்சி பண்ணவங்க பார்த்தா, மொதல்ல விழ வேண்டிய மான்கொம்பு ஜாதி ஓரளவு நல்லாவே நின்னுச்சு. சுமத்ரா முனையில இருக்குற வே தீவுல அதே ஜாதி ஏகப்பட்டது வெளுத்துச்சு. நம்ம பக்கம் 1998-ல ஒரு அடி வாங்கியிருந்ததால சூடு தாங்குற மாதிரி மாறியிருக்கலாம்னு எழுதுனாங்க. அந்த வருஷம் தியோமான், ரெடாங் பக்கம் சில டைவிங் எடத்த சில மாசம் மூடி வெச்சாங்க, மச்சானுக்கு வருமானம் போச்சு, திட்டிக்கிட்டே இருந்தான்.

அப்ப பழகிக்கும்னு விட்டுடலாமே?

பழகுறதுக்கு டைம் வேணும். அடி வாங்குன எடம் திரும்ப நெறையணும்னா வேகமா வளர்ற ஜாதிக்கே பத்து பதினஞ்சு வருஷம் ஆகும். ஆஸ்திரேலியா கிரேட் பேரியர் ரீப்ப பாருங்க, கூட்டமா வெளுத்த வருஷம் 1998, 2002, அப்புறம் பெரிய இடைவெளி, அப்புறம் 2016, 2017, 2020, 2022, 2024, 2025. 2016-ல மட்டும் அங்க ஆழம் கொறஞ்ச எடத்துப் பவளத்துல மூணுல ஒண்ணு கிட்டப் போச்சு. காய்ச்சல் விட்டு எந்திரிச்சு உக்காரதுக்குள்ள அடுத்த காய்ச்சல்.

ஊர்ல, அதான் தமிழ்நாட்டுல, இப்படி நடக்குதா?

நடக்குது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருக்கு, அத சுத்தி பவளப்பாறை. 2010, 2016, 2024 மூணு தடவையும் அங்கயும் வெளுத்துச்சு. அந்தக் காலத்துல அங்க பவளப்பாறைய வெட்டி சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்புவாங்க, வீடு கட்ட கல்லாவும் எடுத்தாங்க, அப்புறம்தான் தடை வந்துச்சு.

வெளுத்தா நமக்கென்ன நஷ்டம்?

கடலடியில ஒரு சதவீதம் கூட இல்லாத பரப்பு, கடல் ஜீவராசியில கால்வாசி எதாவது ஒரு வகையில அத நம்பி இருக்கு. நீங்க கல்யாண வீட்டுக்கு வாங்குற கெராப்பு மீனு அங்க ஒளிஞ்சு வளர்றது. பவளம் செத்தா எலும்பு மக்கி ஒடஞ்சு விழும், மீனுக்கு ஒளிய பொந்து இருக்காது. கெராப்பு கிலோ என்ன வெலைன்னு பசார்ல கேட்டுப் பாருங்க.

அங்கிள், அதுக்குப் பசிதானே, நாம சாப்பாடு ஊட்ட முடியாதா?

நாலாம் ஆண்டு படிக்கிற பொண்ணு கேட்டது, டயர் மேல உக்காந்துக்கிட்டு. எல்லாரும் கேட்டதுலயே நல்ல கேள்வி இதுதான்னு எனக்குத் தோணுது. பவளத்துக்கு வாயி இருக்குன்னு மேல சொன்னேன்ல, ராத்திரியில விரல நீட்டி தண்ணியில மெதக்குற பொடிப் பொடி ஜீவனுங்கள அதுவே புடிச்சு சாப்புடும். ஹவாயில ஒரு ஜாதி, பாசி போனதும் இந்த வேட்டைய பல மடங்கு கூட்டிக்கிட்டு, பாசி இல்லாமலே தன் தேவை பூராவும் தேடிக்கிச்சுன்னு கண்டுபுடிச்சாங்க, பக்கத்துல இருந்த மத்த ஜாதிங்களுக்கு அது முடியல. லேப் தொட்டியில வெச்சிருக்குற வெளுத்த பவளத்துக்கு குட்டி இறால் போட்டு ஊட்டுனா தாக்குப் புடிக்குது. கடல்ல ஊட்ட முடியாதும்மா, மைல் கணக்குல வாயி.

அவ கொஞ்ச நேரம் யோசிச்சா. "அப்ப ராத்திரி போயி பார்த்தா விரல் நீட்டுமா"ன்னு கேட்டா. நீட்டும்னேன். அடுத்த பள்ளி லீவுல அவங்க அப்பா கூட்டிக்கிட்டு வந்தா மச்சான் ஜெட்டிக்கு அடியில டார்ச் அடிச்சுக் காட்டுறேன்னு சொல்லியிருக்கான், மழைக்காலத்துக்கு முன்னாடி வரணும்.